ஒரே வாய்க்காலின் பங்காளர்



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்தத் தமிழாசிரியர் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணமாயிருந்தவர் என்னுடைய மாணவர் ஒருவர். உயர்தர வகுப்பிலே ஒருநாள் மொழிபெயர்ப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்ட ஆங்கிலப் பந்தியிலே ‘றைவல்’ என்ற சொல் மூன்று இடங்களில் வந்தது. துடுப்பாட்ட அணிகள் இரண்டைப் பற்றி ஓரிடத்திலும், ஒரே தெருவிலே கடை வைத்திருக்கும் வணிகர் இருவரைப் பற்றி மற்றோரிடத்திலும், ஒரு பெண்ணை விரும்பிய ஆடவர் இருவரைப் பற்றி இன்னோரிடத்திலும் அது வந்தது. வகுப்பிற் பெரும்பாலானோர் ‘போட்டியாளர்’ என்று எழுதினர். சிலர் ‘எதிரி’ என்று எழுதினர். ஒரு மாணவர் மட்டும் எழுந்து, “சேர், எதிரி எண்டதுக்கு இங்கிலீசிலை வேறை சொல் இருக்கு. போட்டியாளர் எண்டதுக்கும் வேறை சொல் இருக்கு. அப்ப இந்தச் சொல்லுக்கெண்டு தனியாய் என்ன கருத்து?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு அப்பொழுது என்னிடம் விடை இருக்கவில்லை. “நாளைக்குச் சொல்லுகிறேன்” என்று கூறிவிட்டு வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் அடியிலே பகையும் இருக்கவில்லை, போட்டியும் இருக்கவில்லை. அங்கே ஒரு சிறு நீரோடை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நீரோடையின் வழியே சிறிது தூரம் உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஆங்கிலத்திற்கு இச்சொல்லைக் கொடுத்தது இலத்தீன் மொழியாகும். இலத்தீனிலே ‘றீவுஸ்’ என்றால் சிற்றோடை. இயற்கையாக ஓடும் நீரையும், மனிதன் வெட்டிய வாய்க்காலையும் இந்த ஒரே சொல்லாற் குறித்தனர் உரோமர். அதனடியாகப் பிறந்தது ‘றீவாலிஸ்’ என்னும் பெயரடை. ‘ஓடையைச் சார்ந்த’, ‘வாய்க்காலுக்குரிய’ என்பது அதன் நேர்ப்பொருள். அதுவே பின்பு மனிதரைக் குறிக்கும் பெயராகி, ஒரே வாய்க்காலிலிருந்து தத்தம் நிலத்துக்கு நீர் கொண்டு செல்வோரைச் சுட்டி நின்றது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ‘றைவல்’ என்பதும், ஆற்றைக் குறிக்கும் ‘றிவர்’ என்பதும் ஒலியால் நெருங்கி நிற்கின்றன. பொருளாலும் இரண்டும் நீரைச் சார்ந்தவை. எனவே இரண்டும் உடன்பிறப்புகள் என்று எவரும் எண்ணுவர். ஆனால் ‘றிவர்’ என்பதன் மூலம் ‘றீபா’ என்னும் வேறொரு இலத்தீன் சொல். அதற்குக் கரை என்பது பொருள். பழைய பிரெஞ்சு மொழி வழியாக வரும்பொழுது கரையின் பெயர் ஆற்றின் பெயராயிற்று. வந்துசேர்வதைக் குறிக்கும் ‘அறைவ்’ என்ற ஆங்கில வினையும் இந்தக் கரையிலிருந்து பிறந்ததே. ஓடம் கரையை அடைதல் என்பதே அதன் முதற்பொருள். இன்றைக்கு விமானத்தில் வந்திறங்குபவரும் அச்சொல்லின்படி கரைசேர்ந்தவரே.

அப்படியானால் ‘றீவுஸ்’ என்ற ஓடையின் பிள்ளைகள் யாவை? ‘றைவல்’ ஒன்று. மற்றொன்று ‘டிறைவ்’ என்னும் வினை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுதல், ஒரு சொல் மற்றொரு சொல்லிலிருந்து பிறத்தல் ஆகியவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் இவ்வினையாற் கூறுவர். ஓடையிலிருந்து நீரைப் பிரித்து வேறு வழியிற் செலுத்துதலே அதன் மூலப்பொருள். சொல்லின் பிறப்பைத் தேடிச் செல்பவனும் ஒருவகையில் வாய்க்கால் வெட்டுபவனே என்று அந்தச் சொல் எங்களுக்கு நினைவூட்டுகின்றது.

இனி, இந்த ‘றீவாலிஸ்’ என்னும் மனிதர் யார், எப்படி வாழ்ந்தார் என்று பார்ப்போம். உரோம நாட்டு உழவனை மனக்கண்ணில் நிறுத்துங்கள். மேலே ஓர் அணை. அதிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்காலின் இருபுறமும் பலருடைய நிலங்கள். கோடை வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீர் வேண்டும். ஓடுவதோ ஒரு வாய்க்கால். மேல்மடைக்காரன் மடையைத் திறந்து வைத்திருந்தால் கீழ்மடைக்காரனின் பயிர் வாடும். அங்கே சச்சரவு எழாமல் எப்படி இருக்கும்?

சச்சரவு எழுந்தது என்பதற்குச் சட்ட நூலே சான்று. கி.பி. 533ஆம் ஆண்டிலே யுஸ்தினியன் என்னும் பேரரசனின் ஆணையால், முந்தைய சட்ட அறிஞர்களின் கருத்துகளைத் திரட்டித் தொகுக்கப்பட்ட பெருநூல் ‘டைஜெஸ்ற்’ எனப்படுவது. அதன் நாற்பத்து மூன்றாம் பகுதியில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்ற சட்ட அறிஞரின் கருத்தொன்று இடம்பெற்றுள்ளது. வாய்க்கால் நீரைப் பயன்படுத்துவது பற்றி ‘றீவாலிஸ்’ எனப்படுவோரிடையே பிணக்கு ஏற்பட்டால் என்ன செய்வது என்று கூறவந்த அவர், அச்சொல்லுக்கு அவ்விடத்திலேயே விளக்கமும் தருகிறார். ஒரே ஓடையின் வழியாக நீர் கொண்டுசெல்வோரே அவர்கள் என்பது அவர் தரும் விளக்கம். இதனைவிடத் தெளிவாக எந்த அகராதியும் கூறமுடியாது.

அதே சட்டநூலில் அடுத்த தலைப்பு வாய்க்கால்களைப் பற்றியது. நீர் கொண்டுசெல்லும் உரிமையுடைய ஒருவர் வாய்க்காலைத் திருத்தவோ, தூர்வாரவோ முற்படும்பொழுது, அவரை எவரும் பலாத்காரமாகத் தடுத்தலாகாது என்று நீதிபதியின் கட்டளை கூறுகின்றது. நேயர்கள் இதனை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலிற் பங்குடையவனுக்கு நீரில் உரிமை இருப்பதைப் போலவே, அந்த வாய்க்காலைத் துப்பரவாக்குவதற்கும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் கருதியது.

ஏட்டுச் சட்டம் இவ்வாறிருக்க, நாட்டுப்புறத்தில் நடைமுறை எவ்வாறிருந்தது? அதற்கும் சான்றுகள் கிடைத்துள்ளன. இன்றைய அல்ஜீரியாவிலே, பழைய லமாஸ்பா என்ற ஊரிலே, கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 218 முதல் 222 வரை ஆண்ட எலகபாலுஸ் என்னும் மன்னன் காலத்தது அது. கவிதையோ மன்னன் புகழோ அதில் இல்லை. நிலமுடையவரின் பெயர்; அவருக்கு எத்தனை மணிக்கு நீர் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்ற முறை; அடுத்தவரின் பெயர்; அவருடைய முறை. இவ்வாறே வரிசையாகச் செல்கிறது. ஊரார் யாவரும் பார்க்கக் கல்லிலே வெட்டிவைத்தால்தான் சண்டை ஓயும் என்று அந்த ஊரவர் கண்டிருக்கிறார்கள்.

மற்றொரு சான்று 1993ஆம் ஆண்டிலே ஸ்பெயின் நாட்டில், சரகோசாவை அடுத்த அகோன் என்னுமிடத்தில் கிடைத்த வெண்கலப் பட்டயம். கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட ஹேட்றியன் காலத்தது. எப்றோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பெருவாய்க்காலைப் பகிர்ந்துகொண்ட ஊர்களின் சங்கத்துக்கான விதிகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. வாய்க்காலைப் பேணுவதும் துப்பரவாக்குவதும் எல்லோருடைய கடமை என்றும், கூட்டத்தில் ஒருவருக்குரிய வாக்கின் அளவு அவருக்குரிய நீரின் அளவைப் பொறுத்தது என்றும், விதி மீறினால் தண்டம் என்றும் அது கூறுகின்றது. ஆகவே, ‘றீவாலிஸ்’ என்பவர் ஒருவரோடொருவர் பிணங்கினர் என்பது எவ்வளவு உண்மையோ, ஒரே கூட்டத்தில் அமர்ந்து வாக்களித்தனர், ஒரே வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளினர் என்பதும் அவ்வளவு உண்மை.

இந்த உழவர் சொல் காதலர் சொல்லானது எப்படி? ஓடையும் ஒன்று, அதை நாடுவோர் இருவர் என்ற நிலை, காதலிலும் உண்டல்லவா? நாடகாசிரியர்கள் இந்த ஒப்புமையை மிக முன்னரேயே பிடித்துக்கொண்டனர். உல்பியனுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 200இல் மேடையேறிய ‘ஸ்ரிக்குஸ்’ என்னும் நகைச்சுவை நாடகத்திலே, புளோற்றுஸ் இச்சொல்லைக் காதற்பொருளிற் கையாண்டுள்ளார். எங்கள் கைக்குக் கிட்டிய நூல்களிலே காதற்பொருள் காலத்தால் முந்தியதாகவும், வாய்க்காற்பொருள் பிந்தியதாகவும் இருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் சொல்லின் உடலே அதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது. ஓடையிலிருந்து காதலுக்குப் போகலாம். காதலிலிருந்து ஓடைக்கு வரமுடியாது.

அந்த நாடகத்தில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. அதில் வரும் அடிமைகள் இருவர் ஒரே பெண்ணை விரும்புகின்றனர். ஆனால் அவர்கள் கத்தியை எடுக்கவில்லை. ஒரே கிண்ணத்தில் மாறிமாறிக் குடித்துக்கொண்டு, ‘றீவாலிஸ்’ இருவர் ஒருவரையொருவர் நேசிப்பது எவ்வளவு வேடிக்கை என்ற கருத்துப்படப் பேசிச் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பிலே வாய்க்காலின் பழைய பொருள் இன்னும் ஈரமாக இருக்கின்றது.

கவிஞர் ஹொறேஸ் இச்சொல்லைக் கையாண்ட இடம், எழுதுகின்ற எவரும் அறிந்திருக்க வேண்டியது. கி.மு. 8ஆம் ஆண்டில் மறைந்த இவர், கவிதைக் கலை பற்றிய தம் நூலின் இறுதியில் குவின்ரீலியுஸ் என்ற நேர்மையான திறனாய்வாளரை நினைவுகூர்கிறார். கவிதையை வாசித்துக் காட்டினால், இதைத் திருத்து, அதைத் திருத்து என்பாராம் அவர். திருத்த மறுத்துத் தன் பிழைக்காக வாதாடும் கவிஞனிடம் மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசமாட்டாராம். தன்னையும் தன் எழுத்தையும், ‘றீவாலிஸ்’ எவருமின்றி, அவன் தனியே காதலித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடுவாராம். போட்டிக்கு ஆளில்லாத காதல் வெற்றியாக இங்கே பேசப்படவில்லை, அது ஒரு தண்டனையாகவே பேசப்படுகிறது.

இலத்தீனிலிருந்து இச்சொல் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற் புகுந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தின் முதற் காட்சியை நினைவுகூருங்கள். நள்ளிரவு. கோட்டை மதிலிலே காவல் மாறுகிறது. வந்துசேர்ந்த காவலன் பெர்னாடோ, முறை முடிந்து போகிறவனிடம், தன்னோடு சேர்ந்து காவல் காக்க வரவேண்டிய ஹொறேஷியோவையும் மார்செலஸையும் வழியிற் கண்டால் விரைந்து வரச்சொல்லுமாறு கூறுகிறான். அங்கே அவ்விருவரையும் குறிக்க அவன் வழங்குகின்ற சொல் ‘றைவல்’ என்பதே. அவர்கள் அவனுடைய எதிரிகளல்லர். காவலிற் பங்குகொள்ளும் கூட்டாளிகள்.

இது அச்சுப்பிழையோ என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று உண்டு. 1603ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நாடகத்தின் முதற் பதிப்பிலே அதே இடத்தில் ‘பாட்னர்’ என்ற சொல் காணப்படுகிறது. 1604, 1605 காலப்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பிலும், 1623ஆம் ஆண்டின் பெருந்தொகுப்பிலும் ‘றைவல்’ என்று உள்ளது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கக்கூடியதாக, இரண்டும் ஒருபொருட் சொற்களாக அக்காலத்திற் கொள்ளப்பட்டன என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா? ‘அன்ரனியும் கிளியோபாட்ராவும்’ என்ற நாடகத்திலும், போரிலே லெப்பிடஸைப் பயன்படுத்திவிட்டு, வெற்றி வந்ததும் அவனுக்குச் சமபங்கு தர சீஸர் மறுத்துவிட்டான் என்று கூறுமிடத்தில், ‘றைவல்’ என்பதிலிருந்து பிறந்த பெயரொன்று பங்காண்மை என்ற பொருளில் வருகின்றது.

ஆயின் அதே ஷேக்ஸ்பியர், ‘நடுவேனிற் கனவு’ நாடகத்திலே ஹேர்மியாவைக் காதலிக்கும் இளைஞர் இருவரைக் குறிக்க, நாம் இன்று அறிந்த பொருளிலேயே இச்சொல்லை வழங்கியுள்ளார். ஒரே புலவரின் கையில் ஒரே சொல் இரு முகங்களோடு நின்றது. பின்னர் ஒரு முகம் மறைந்தது. றிச்சட் ஷெரிடன் 1775ஆம் ஆண்டில் ‘றைவல்ஸ்’ என்ற பெயரில் நகைச்சுவை நாடகமொன்றை மேடையேற்றியபொழுது, அந்தத் தலைப்பைக் கண்டு கூட்டாளிகளைப் பற்றிய நாடகம் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார். பங்கு போய்விட்டது, பகை நின்றுவிட்டது.

இது ஐரோப்பியரின் மொழிக்கு மட்டும் நேர்ந்த கதையென்று நாம் இருந்துவிட முடியாது. வடமொழியிலே ‘தாயம்’ என்றால் பரம்பரைச் சொத்தின் பங்கு. அதனைப் பெறுவதற்கு உரியவன் ‘தாயாதன்’. அச்சொல்லே தமிழில் ‘தாயாதி’ ஆயிற்று. பெற்ற தாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை; அது ஒலி தரும் மயக்கம், ‘றிவர்’ என்பதும் ‘றைவல்’ என்பதும் போல. சொத்தைப் பங்கிடும் உறவினர் என்ற நல்ல பொருளிற் பிறந்த இச்சொல்லோடு, தமிழ்மக்கள் ‘காய்ச்சல்’ என்பதைச் சேர்த்துவிட்டனர். தாயாதிக் காய்ச்சல் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ‘பங்காளி’ என்ற சொல்லும் அவ்வாறே. ஓரிடத்தில் அது கூட்டாளி; இன்னோரிடத்தில் முகம் பாராத உறவினன்.

வேதகால வடமொழியிலே ‘பிராத்ருவ்ய’ என்றொரு சொல் உண்டு. சகோதரனைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்த இது, தந்தையின் சகோதரனுடைய மகனைக் குறிக்கும். அதே சொல் பகைவனையும் குறிக்கும். இலக்கணம் வகுத்த பாணினி, இந்தப் பகைவன் என்ற பொருளுக்கெனத் தனியே ஒரு சூத்திரம் எழுதவேண்டியிருந்தது. பாரதப் போரும் பெரியதந்தை, சிறியதந்தை மக்களிடையே பங்கினால் மூண்ட போர்தானே! உரோமனுக்கு வாய்க்காலில் நிகழ்ந்தது இங்கே முற்றத்தில் நிகழ்ந்திருக்கின்றது.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? மனிதன் தன்னோடு எதையும் பகிராதவனை ‘றைவல்’ என்று அழைத்ததில்லை. தொலைதூரத்து அரசன் பகைவனாகலாம், கொள்ளைக்காரன் பகைவனாகலாம். ‘றைவல்’ ஆவதற்கு ஒரே வாய்க்கால் வேண்டும், ஒரே முதுசம் வேண்டும், ஒரே காவல் வேண்டும். என் மாணவரின் கேள்விக்கு அகராதி தந்த விடை இது. ஆனால் இந்த விடையை அகராதிக்கு முன்பே வேறோரிடத்தில் நான் கண்டிருந்தேன் என்பது, அன்றிரவு புத்தகத்தை மூடியபின்னரே எனக்கு விளங்கியது. அதனையும் கூறி முடிக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலே எங்கள் தோட்டக் கிணறு ஒரு பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி ஐயாவின் ஒன்றுவிட்ட தம்பியாகிய சின்னையாவுக்கு. காணி உறுதியிலே நிலத்தின் எல்லைகளை எழுதி, கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் உள்ள பங்கையும் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருநாள் அவர்களுடைய இறைப்பு, மறுநாள் எங்களுடைய இறைப்பு என்பது முறை. துலாவால் இறைத்த காலத்திலே இந்த முறையால் தொல்லை வந்ததில்லையாம். துலா மெதுவாக இறைக்கும். இறைக்க இறைக்கக் கிணறும் ஊறும். பின்னர் இரு வீட்டாரும் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினர். இயந்திரம் கிணற்றுக்கு ஊற அவகாசம் கொடுக்கவில்லை. அவர்கள் இறைத்த மறுநாட் காலை எங்களுக்குக் கலங்கல் நீர். நாங்கள் இறைத்த மறுநாள் அவர்களுக்கும் அப்படியே. வாய்த்தர்க்கம் முற்றி, வழக்குப் பேசச் சட்டத்தரணியிடம் போகுமளவுக்கு வந்தது. நல்லநாள் பெருநாளுக்கும் போக்குவரத்து நின்றது. சின்னையாவின் மகனும் நானும் ஒரே வகுப்புக்கு அடுத்தடுத்த வகுப்பில் இருந்தோம். பாடசாலைக்கு வேறு வேறு ஒழுங்கையாற் போனோம்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் மண்ணெண்ணெய் கிடைப்பது அருமையாயிற்று. இயந்திரங்கள் இரண்டும் கொட்டிலுக்குள் கிடந்தன. வெங்காயத் தறை வாடத் தொடங்கியது. எங்கள் தறை மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் அவர்களுடைய தறையும் வாடியது. பழைய துலாக்கால் கிணற்றடியில் நின்றது. ஆனால் துலாவால் ஒருவர் தனியே தோட்டம் இறைக்க முடியாது. மேலே ஏறி மிதிக்க ஒருவர் வேண்டும். கீழே நின்று பட்டை பிடிக்க ஒருவர் வேண்டும். தறையிலே நின்று நீரை மாறிவிட ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் ஐயாவோடு பத்து வயதுப் பையனாகிய நான். அவர்கள் வீட்டில் சின்னையாவோடு அவருடைய மகன்.

யார் முதலில் யாரிடம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் விடியற்காலையிலே அம்மா என்னை எழுப்பித் தோட்டத்துக்கு அனுப்பினார். போய்ப் பார்த்தால், ஐயா துலாவின்மேல் நிற்கிறார். கீழே பட்டை பிடித்துக்கொண்டு நிற்பவர் சின்னையா. அவருடைய மகன் கையில் மண்வெட்டியோடு வாய்க்காலடியில் நின்றான். என்னையும் அங்கே போய் நிற்கச் சொன்னார்கள். முதல் நாள் பெரியவர்கள் இருவரும் பட்டையின் எண்ணிக்கையைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. இரண்டு மூன்று கிழமை செல்ல, எண்ணிக்கையின் இடையிலே வெங்காய விலையும் ஊர்ப்புதினமும் வந்தன. சட்டத்தரணியிடம் போன கதையை அதன்பின் எவரும் எடுக்கவில்லை. இருவரும் சமாதானம் பேசியதாகவும் எனக்கு நினைவில்லை. வாய்க்காலிலே பங்கு இருந்தது. அந்தப் பங்கு அவர்களைச் சண்டைபிடிக்க வைத்தது. அதே பங்குதான் அவர்களைக் கிணற்றடிக்கு மீண்டும் கொண்டுவந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இடப்பெயர்வோடு அந்தத் தோட்டம் கைவிடப்பட்டது. நாங்கள் திரும்பி வந்தோம். சின்னையா வரவில்லை, வன்னியிலேயே காலமானார். அவருடைய மகன் வெளிநாடு போனான். ஐயாவும் இப்பொழுது இல்லை. கிணற்றைப் பயன்படுத்துவது நான் ஒருவனே. முறை என்று ஒன்றில்லை. எந்நாளும் என்னுடைய நாள்தான். கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாததாலேயே கிணறு பல ஆண்டுகளாகக் கலக்கி இறைக்கப்படவில்லை. அவர்களுடைய பக்கத்து வாய்க்கால் புல் மூடித் தூர்ந்துபோயிற்று.

சென்ற ஆண்டு அவன் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணை, இனி நாங்கள் வந்து தோட்டம் செய்யப்போறதில்லை. அந்தப் பங்கை நீங்களே எடுங்கோ. சட்டப்படியும் உங்களிட்டைத்தானே முதலிலை கேக்கவேணும்” என்றான். அவன் கூறியது சரி. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட எங்கள் தேசவழமைச் சட்டம், பங்குக் காணியை விற்கும்பொழுது உடன்பங்காளிக்கே முதலுரிமை என்று கூறுகின்றது. நானும் விலையைப் பற்றி யோசித்தேன். அந்த நாட்களிலேதான் மாணவரின் கேள்வியும், அகராதியும், உல்பியனும், தனியே தன்னைக் காதலிக்கும் கவிஞனும் வந்து சேர்ந்தனர்.

ஒரு கிழமை கழித்து நான் அவனை அழைத்தேன். “தம்பி, பங்கு உன்னுடைய பேரிலேயே கிடக்கட்டும். உங்கடை பக்கத்து வாய்க்காலை நான் செருக்கித் துப்பரவாக்கிறன். கிணத்தையும் ஒருக்காக் கலக்கி இறைக்கவேணும்” என்றேன். சிறிது நேரம் மறுமுனையிற் பேச்சில்லை. பிறகு, “இறைக்க எவ்வளவு முடியும்? பாதிக் காசு என்னுடையது” என்றான். கணக்கிலே ஆயிரம் ரூபாய் கூடிவிட்டது என்று பின்னர் என்னோடு வாதாடவும் செய்தான். எனக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவருக்கு என்ன கூறினேன் என்று நேயர்கள் அறிய விரும்பலாம். “பரீட்சையில் ‘போட்டியாளர்’ என்றே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சொந்தமான கருத்தைக் கேட்டீர்களே, அது எங்கள் ‘பங்காளி’ என்பதன் இரண்டு பக்கங்களும் சேர்ந்தது” என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அப்ப சேர், துடுப்பாட்டத்திலை எதிர் அணி இல்லாட்டில் விளையாட்டும் இல்லைத்தானே” என்றார். நான் உரோமாபுரி வரை போய் அறிந்துவந்ததை, அவர் மைதானத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.